சூதாட்ட அரங்கை அமைக்கும் கைகள்

தாபோடி என்னும் ஊர்ப்பெயரைத் தமிழ்நாட்டில் வாழ்வோர் பெரும்பாலும் கேட்டிருக்கமாட்டார்கள். புனே நகரிலிருந்து லோணாவளா நோக்கிச் செல்லும் உள்ளூர் இரயில் கட்கியை விட்டு முளா ஆற்றைக் கடந்ததும் நிற்கின்ற நிலையம் அது. இராணுவப் பொறியியல் கல்லூரியும், மகாராஷ்டிர அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பணிமனையும் அங்கேதான் உள்ளன. 2023 ஆகஸ்டு முதல் மெட்ரோ இரயிலும் அங்கு நிற்கின்றது. கட்கி, தாபோடி, பிம்பிரி, சிஞ்ச்வட் என்று வரிசையாக அமைந்த இத்தொழிற்பகுதியில் பிழைப்பின் பொருட்டு வந்து தங்கிய தமிழர் பலர். குடும்பத்தோடு வந்து வேரூன்றியவர்களும் உண்டு. மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு, மூவர் நால்வராக ஓர் அறையில் குடியிருப்பவர்களும் உண்டு.

இந்த இரண்டாம் வகையினரை எண்ணியே நாம் இன்று பேச விரும்புகின்றோம். இரவு முறை வேலை முடிகின்றது. அறைக்கு வந்து படுத்தால் உறக்கம் உடனே வருவதில்லை. ஊருக்குப் பேசலாம் என்றால் அங்கே எல்லோரும் உறங்கும் நேரம். பேச்சுத் துணை இல்லாத அந்த நேரத்தில் கையில் இருப்பது கைப்பேசி ஒன்றே. அதில் ஒரு வண்ண விளம்பரம் தோன்றுகின்றது: முதல் ஆட்டத்துக்குப் பணம் நாங்களே தருகின்றோம், வந்து ஆடிப் பாருங்கள் என்கின்றது. விரல் பட்டதும் காசினோ திறந்துகொள்கின்றது.

சூதாடுதல் தீது என்று சொல்வதற்கு நாம் வர வேண்டியதில்லை. திருக்குறளில் 94-ஆம் அதிகாரம் முழுவதும் அதற்கென்றே ஒதுக்கப்பட்டுள்ளது. தருமன் கதையும் நளன் கதையும் அறியாத தமிழர் இல்லை. ஆயினும், இக்காலத்துச் சூது எவ்வாறு செய்யப்படுகின்றது, அதைச் செய்வோர் ஆடுபவனுடைய மனத்தில் எந்தெந்த உணர்ச்சியை எந்தெந்தக் கணத்தில் எழுப்பத் திட்டமிடுகின்றார்கள் என்பது பலருக்குத் தெரியாது. அதனை விளக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

மகாராஷ்டிரத்தில் நெடுநாள் வாழ்ந்தோருக்கு மட்கா என்னும் சொல் புதிதன்று. நியூயார்க் பருத்திச் சந்தையின் தொடக்க விலை, இறுதி விலை ஆகியவற்றின்மீது பம்பாயில் பந்தயம் கட்டும் வழக்கம் இருந்தது. அது நின்றுபோன பின்னர் 1960-களின் தொடக்கத்தில், கல்யாண்ஜி பகத், ரத்தன் கத்ரி ஆகியோர் எண்களைக் குலுக்கி எடுக்கும் மட்காச் சூதைப் பரப்பினர். அதன் தீங்கை நாம் குறைத்துச் சொல்லவில்லை. அதனால் குலைந்த ஆலைத் தொழிலாளர் குடும்பங்கள் ஏராளம். ஆனால் மட்காவில் ஒரு காத்திருப்பு இருந்தது. தொடக்க எண், முடிவு எண் என நாளுக்குச் சில எண்களே வெளியாகும். சீட்டு எழுதுபவனைத் தேடிச் செல்ல வேண்டும். பணத்தை எடுத்து எண்ணிக் கொடுக்க வேண்டும். பின்னர் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் மனிதனுக்குச் சற்றேனும் புத்தி தெளிய வாய்ப்பு இருந்தது.

காசினோவுக்கும் அவ்வாறே தூரம் ஒரு வேலியாக இருந்தது. மகாராஷ்டிரத்தில் 1976-இல் காசினோக்களுக்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டதே ஒழிய அது நடைமுறைக்கு வரவே இல்லை; 2023-இல் அதனை நீக்கியும் விட்டார்கள். புனேக்காரர் காசினோவைக் காண வேண்டுமானால் கோவாவுக்குச் சென்று, மாண்டவி ஆற்றில் நிற்கும் கப்பலில் ஏற வேண்டும். தாபோடியில் ஓர் அறையில் படுத்திருக்கும் தொழிலாளிக்கு அது எட்டாத இடம். இப்பொழுது கப்பலே அவனுடைய தலையணைக்கு அருகில் வந்துவிட்டது.

காசினோ ஆட்டங்களுள் மிகுதியாக ஆடப்படுவது ஸ்லாட் என்னும் உருளை ஆட்டம். இதன் வரலாற்றைச் சற்று விரிவாகக் காண்பது பயன் தரும். ஏனெனில் பின்னால் வந்த நுட்பங்களுக்கெல்லாம் வித்து அதில் உள்ளது. ஜெர்மனியின் பவேரியா நாட்டில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய சார்லஸ் ஃபே என்பவர், 1890-களில் சான் ஃபிரான்சிஸ்கோ நகரில் மூன்று உருளைகள் கொண்ட ஓர் இயந்திரத்தைச் செய்தார். லிபர்ட்டி பெல், அதாவது விடுதலை மணி, என்பது அதன் பெயர். காசைப் போட்டுக் கைப்பிடியை இழுத்தால் உருளைகள் சுழன்று நிற்கும். மூன்றிலும் மணி வந்து நின்றால் பெரும் பரிசு. ஒவ்வோர் உருளையிலும் பத்து இடங்கள் எனில், மூன்றும் சேர்ந்து அமையும் வகைகள் ஆயிரம். ஆடுபவன் பொறுமையோடு எண்ணிப் பார்த்தால் தன் வாய்ப்பு எவ்வளவு என்பதைத் தானே கணக்கிட்டுவிடலாம். கண் கண்டதும் கணக்கும் ஒன்றாகவே இருந்தன.

இந்த ஒற்றுமை 1984-இல் முறிந்தது. இங்கே டெல்னஸ் என்னும் நார்வே நாட்டவர் அவ்வாண்டு அமெரிக்காவில் ஒரு காப்புரிமை பெற்றார். உருளை எங்கே நிற்க வேண்டும் என்பதை இனி உருளை தீர்மானிக்காது. உள்ளே இருக்கும் கணிப்பொறி தற்போக்காக ஓர் எண்ணைத் தெரிந்தெடுக்கும். அந்த எண் எந்த இடத்துக்கு உரியதோ அங்கே உருளை நிற்கும். இதிலே என்ன பெருமாற்றம் என்று நேயர்கள் வினவலாம். கண்ணுக்குத் தெரியும் உருளையில் 22 இடங்கள் இருக்கின்றன என்று கொள்வோம். மூன்று உருளைகளிலும் பெரும் பரிசுச் சின்னம் ஒவ்வொன்றே எனில், அது சேர்ந்து விழும் வாய்ப்பு 10,648-இல் ஒன்று. கணிப்பொறிக்குள் இருக்கும் உருளையிலோ 64 எண்கள். அவற்றுள் ஒரே ஓர் எண்ணைப் பரிசுச் சின்னத்துக்கு ஒதுக்கிவிட்டு, மற்றவற்றை வெற்றிடங்களுக்கும் சிறு சின்னங்களுக்கும் பங்கிட்டுவிடுகின்றார்கள். இப்பொழுது வாய்ப்பு 2,62,144-இல் ஒன்று. கண் காண்பது ஓர் உருளை. கணக்கு நடப்பது மற்றோர் உருளையில். ஏறத்தாழ 25 மடங்கு அரிதாகிவிட்ட பரிசு, கண்ணுக்கு மட்டும் முன்போலவே அருகில் தோன்றுகின்றது.

இன்னொரு நயமும் அதில் உண்டு. பரிசுச் சின்னத்துக்கு நேர் மேலும் நேர் கீழும் உள்ள வெற்றிடங்களுக்கு அதிகமான எண்களைக் கொடுத்துவிட்டால், உருளை அடிக்கடி பரிசுக்கு ஒரு படி முன்னோ ஒரு படி பின்னோ நிற்கும். ஆடுபவன் 'ஐயோ, மயிரிழையில் தவறிவிட்டதே' என்று எண்ணுவான். உண்மையில் அது முழுத் தோல்வி. வில்லாளி ஒருவன் அம்பு இலக்கின் ஓரத்தில் தைத்தால், அடுத்த முறை சிறிது வலப்புறம் எய்யலாம். அங்கே மயிரிழைத் தவறு ஒரு பாடம். உருளையில் தவறுவதில் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை. ஆயினும் மனித மூளை இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கின்றது. 2009-இல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், மயிரிழையில் தோற்கும்போது, வெற்றியின்போது கிளர்ச்சியுறும் மூளைப் பகுதிகளே கிளர்ச்சியுறுவது தெரியவந்தது. ஆடியவர்கள் அத்தோல்வி கசப்பாக இருந்தது என்றே சொன்னார்கள். ஆனால் மேலும் ஆட வேண்டும் என்ற விருப்பம் அவர்களுக்கு மிகுந்தது.

இரும்பும் பல்சக்கரமும் இருந்த காலத்தில் இவற்றைச் செய்ய இயந்திரத்தையே மாற்ற வேண்டியிருந்தது. இன்று எல்லாம் நிரலாக, வெறும் எண்களாக இருக்கின்றன. ஓர் இணைய ஆட்டத்தை உருவாக்கும் குழுவில் கணித வல்லுநர் ஒருவர் முதலில் உட்கார்ந்து பரிசுப் பட்டியலை எழுதுகின்றார். எத்தனை சுழற்சிக்கு ஒருமுறை ஏதேனும் ஒன்று விழ வேண்டும், பெரும் பரிசு எவ்வளவு அரிதாக இருக்க வேண்டும், தொடர் தோல்விகள் எவ்வளவு நீளலாம் என்பனவெல்லாம் அங்கே முடிவாகின்றன. ஓவியரும் இசையமைப்பாளரும் அதற்குப் பின்னரே வருகின்றார்கள். எகிப்து நாட்டுப் பிரமிடோ, சீன நாட்டு வேதாளமோ, நம் தீபாவளி விளக்கோ, அவையெல்லாம் மேலே போர்த்திய ஆடை. உள்ளே இருக்கும் எலும்புக்கூடு அந்தப் பட்டியல்தான்.

அந்தக் கணித வல்லுநர் முதலில் நிர்ணயிக்கும் எண் ஒன்று உண்டு. ஆட்டத்தில் வைக்கப்படும் பணத்தில் எவ்வளவு பங்கு பரிசாகத் திரும்ப வேண்டும் என்னும் விழுக்காடு அது. 96 விழுக்காடு என்று பல ஆட்டங்கள் பெருமையாக அறிவிக்கின்றன. ஒரே ஆட்டத்தை 96, 94 என்று பல விழுக்காடுகளில் செய்து விற்பதும், நடத்துபவர் தமக்கு வேண்டியதைத் தெரிந்துகொள்வதும் அத்தொழிலில் வழக்கம். இங்கே நேயர்கள் ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். நூற்றுக்கு 96 திரும்புகின்றது எனில் நூற்றுக்கு 4 ரூபாய்தானே நட்டம், இஃது என்ன பெரிய தொகை என்று தோன்றும். ஒரு சுழற்சிக்கு 10 ரூபாய் வைத்து, மூன்று விநாடிக்கு ஒரு சுழற்சி என்று ஒருவர் ஆடுகின்றார். நிமிடத்துக்கு 20 சுழற்சி, மணிக்கு 1,200. அவர் ஒரு மணி நேரத்தில் வைத்த பணம் 12,000 ரூபாய். அதில் 4 விழுக்காடு 480 ரூபாய். சராசரியாக அவர் ஒரு மணிக்கு இழப்பது இதுவே.

இதனைப் பழைய பரிசுச் சீட்டோடு ஒப்பிடுவோம். 10 ரூபாய்ச் சீட்டில் பாதிதான் பரிசாகத் திரும்புகின்றது என்றே வைத்துக்கொள்வோம். வாரம் ஒரு சீட்டு வாங்குபவர் ஆண்டு முழுவதிலும் சராசரியாக இழப்பது 260 ரூபாய். பாதியைப் பிடித்துக்கொள்ளும் சீட்டு ஓர் ஆண்டில் பறிப்பதைவிட, நூற்றுக்கு நான்கே பிடிக்கும் ஆட்டம் ஒரு மணி நேரத்தில் அதிகம் பறித்துவிடுகின்றது. வேறுபாடு விழுக்காட்டில் இல்லை; வேகத்தில் இருக்கின்றது. ஆகையால்தான் ஆட்டத்தை அமைப்போர் விநாடிகளைக் குறைப்பதில் அத்துணை அக்கறை காட்டுகின்றார்கள். உருளை முழுவதும் சுழன்று முடியும்வரை காத்திராமல் உடனே நிறுத்தும் பொத்தான், விரலே தொடாமல் நூறு முறை தானே சுழலும் ஏற்பாடு, தோற்ற கணத்திலேயே அடுத்த ஆட்டம் தொடங்கும் விரைவு ஆகியவை யாவும் ஆடுபவனுடைய வசதிக்கென்றே சொல்லப்படுகின்றன.

சகுனி பகடையில் வஞ்சம் செய்தான் என்பது கதை. உரிமம் பெற்ற இணையக் காசினோவுக்கு வஞ்சமே தேவையில்லை. எண்கள் உண்மையிலேயே தற்போக்காக வருகின்றனவா என்று சோதிக்கும் ஆய்வுக்கூடங்கள் உள்ளன. அவை சான்றிதழும் தருகின்றன. கணக்கு நேர்மையாக இருந்தும் ஆடுபவன் தோற்கின்றான் என்பதையே நாம் உற்றுநோக்க வேண்டும். உரிமம் இல்லாத அயல்நாட்டுத் தளங்களிலோ அந்தச் சோதனையும் இல்லை. அங்கே பகடை யாருடையது என்று கேட்பாரும் இல்லை.

அடுத்து ஓசைக்கு வருவோம். ஓர் ஆட்டத்தில் 20 வரிசைகள். வரிசைக்கு 50 காசு வீதம் 10 ரூபாய் வைக்கின்றார். ஒரு வரிசையில் மட்டும் ஏதோ சேர்ந்து 3 ரூபாய் கிடைக்கின்றது. உண்மையில் 7 ரூபாய் நட்டம். திரையிலோ மணிகள் ஒலிக்கின்றன, காசுகள் சிதறுகின்றன, வெற்றி என்று பொன்னெழுத்தில் தோன்றுகின்றது. கனடா நாட்டில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தார் 2010-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், இவ்வாறு வெற்றி வேடம் பூண்ட தோல்விகளின்போது ஆடுபவர் உடலில் எழும் கிளர்ச்சி, உண்மை வெற்றியின்போது எழுவதை ஒத்திருப்பதைக் கண்டார்கள். நட்டத்தை மூளை அறிந்தாலும் உடல் அறிவதில்லை போலும்.

பரிசு எப்பொழுது வரும் என்று தெரியாமல் இருப்பதுதான் இவையனைத்துக்கும் அடிப்படை. உளவியலறிஞர் பி. எஃப். ஸ்கின்னர் புறாக்களையும் எலிகளையும் கொண்டு பல்லாண்டுகள் சோதனை செய்தார். அவரும் ஃபெர்ஸ்டர் என்பவரும் 1957-இல் அவற்றை ஒரு பெருநூலாக வெளியிட்டனர். பத்து முறை கொத்தினால் ஒரு தானியம் என்று நிலையாக வைத்தால், புறா தானியத்தைப் பெற்றதும் சற்று ஓய்ந்திருக்கும். எத்தனையாவது கொத்துக்குத் தானியம் வரும் என்பது மாறிமாறி அமைந்தால், அது ஓய்வின்றிக் கொத்திக்கொண்டே இருக்கும். தானியம் நின்றுபோன பின்னரும் நெடுநேரம் கொத்தும். சூதாட்ட இயந்திரம் இதே முறையில் இயங்குகின்றது என்பதை ஸ்கின்னரே எடுத்துக்காட்டினார். மனிதன் புறாவா என்று சினம் கொள்ள வேண்டாம். மாதச் சம்பளம் முதல் தேதிக்கு வரும் என்று அறிந்தவனுடைய மனநிலையையும், ஊரிலிருந்து கடிதம் எப்பொழுது வருமோ என்று அறியாதவனுடைய மனநிலையையும் ஒப்பிட்டால் போதும். தபால்காரனை நூறு முறை எட்டிப் பார்ப்பவன் இரண்டாமவனே.

அண்மை ஆண்டுகளில் நம் நாட்டில் மிகுதியும் பரவிய மற்றோர் ஆட்டம் உண்டு. ஜார்ஜியா நாட்டில் தோன்றிய ஸ்பிரைப் என்னும் நிறுவனம் 2019-இல் வெளியிட்ட 'ஏவியேட்டர்' அவ்வகைக்கு எடுத்துக்காட்டு. திரையில் ஒரு சிறு விமானம் மேலெழுகின்றது. அது உயர உயர, வைத்த பணம் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று பெருகிக்கொண்டே போகின்றது. விமானம் பறந்து மறைவதற்குள் பொத்தானை அழுத்திப் பணத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். தாமதித்தால் எல்லாம் போய்விடும். இங்கே ஆடுபவன் தன் சாமர்த்தியத்தால் ஆடுவதாகவே உணர்கின்றான். விமானம் எங்கே மறையும் என்பது அது கிளம்புவதற்கு முன்பே தீர்மானமாகிவிட்டது என்பதை அவன் அறியான். 97 விழுக்காடு திருப்பும் ஆட்டம் எனில், நூறு முறையில் சுமார் 48 முறையே அது இரண்டு மடங்கைத் தொடும். சீக்கிரம் எடுத்தாலும் தாமதமாக எடுத்தாலும் நெடுங்கால சராசரி அதே நட்டந்தான். பொத்தான் அவன் கையில் இருக்கின்றது. முடிவு அவன் கையில் இல்லை.

இன்னும் ஒரு கொடிய நயம் இதில் அமைந்துள்ளது. எடுத்துக்கொண்ட பிறகும் விமானம் மேலே போவது தெரிகின்றது. 'இன்னும் சற்றுப் பொறுத்திருந்தால் பத்து மடங்கு கிடைத்திருக்குமே' என்ற வருத்தம் வென்றவனுக்கும் எஞ்சுகின்றது. தோற்றவனுக்கு இழந்ததற்கு வருத்தம், வென்றவனுக்குப் பெறாததற்கு வருத்தம். திரையின் ஓரத்தில் மற்றவர்கள் எவ்வளவு எடுத்தார்கள் என்ற பட்டியலும் ஓடிக்கொண்டிருக்கும்.

வென்றவரைக் காட்டி ஆடுபவரை இழுப்பது எவ்வளவு வலிமையுடையது என்பதற்குத் தொலைவில் எங்கும் செல்ல வேண்டியதில்லை. தாபோடி அடங்கிய பிம்பிரி-சிஞ்ச்வட் பகுதியிலேயே, 2023 அக்டோபரில் காவல் துணை ஆய்வாளர் ஒருவர் ட்ரீம்11 என்னும் கற்பனைக் கிரிக்கெட் அணி ஆட்டத்தில் ஒன்றரைக் கோடி ரூபாய் வென்றார். அது காசினோ ஆட்டம் அன்று. ஆயினும் பணம் வைத்து ஆடியதே. அனுமதியின்றி ஆடியதற்காகவும் சீருடையில் பேட்டி அளித்ததற்காகவும் அவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். செய்தி நாடெங்கும் பரவியது. அதே நாளில் அதே செயலியில் பணம் இழந்த எண்ணிறந்தவர்களுள் ஒருவரைப் பற்றியும் நாளிதழில் ஒரு வரி வரவில்லை. ஆட்டத்தை அமைப்போர் திரையின் ஓரத்தில் ஓடவிடும் வெற்றிப் பட்டியலும் இதே இயல்பினது. அதில் தோற்றோர் பெயர் இடம் பெறுவதில்லை.

பணத்தின் உருவத்தை மாற்றுவதும் அமைப்பில் ஒரு பகுதி. ஐந்நூறு ரூபாய்த் தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுக்கும்போது கை சற்றுத் தயங்கும். அதுவே திரையில் வண்ண வில்லைகளாகவோ புள்ளிகளாகவோ மாறிவிட்டால் அத்தயக்கம் நீங்கிவிடும். பணம் உள்ளே போக ஒரு நிமிடம் போதும். வெளியே எடுக்க வேண்டுமானால் சான்றுகள், சரிபார்ப்பு, இரண்டு மூன்று நாள் காத்திருப்பு. காத்திருக்கும் நேரத்தில் 'எடுப்பதை நிறுத்தி மீண்டும் ஆடலாமே' என்று ஒரு பொத்தான் அருகிலேயே ஒளிரும். வென்ற பணம் வீடு வந்து சேராமல் அங்கேயே கரைவது பெரும்பாலும் இந்த வாயிலில்தான்.

முதலில் சொன்ன அந்த இலவசப் பணத்தையும் பார்த்துவிடுவோம். 1,000 ரூபாய் போனஸ் தருகின்றார்கள். அதை எடுக்க வேண்டுமானால் அதன் முப்பது மடங்கு ஆடியிருக்க வேண்டும் என்று சிறிய எழுத்தில் ஒரு நிபந்தனை. அதாவது 30,000 ரூபாய்க்குப் பந்தயம் வைக்க வேண்டும். 4 விழுக்காடு வீதம் அதில் சராசரி இழப்பு 1,200 ரூபாய். ஆயிரம் ரூபாய்ப் பரிசைப் பெற ஆயிரத்து இருநூறு செலவு! மளிகைக் கடைக்காரர் ஒருவர் இப்படி ஒரு சலுகை அறிவித்தால் நம் வீட்டுப் பெண்கள் அவரை வாசலிலேயே மடக்கிவிடுவார்கள்.

நீங்கள் எந்நேரம் ஆடுகின்றீர்கள், எவ்வளவு தோற்றதும் விலகுகின்றீர்கள், எத்தனை நாள் வராமல் இருந்து மீண்டும் வந்தீர்கள் என்பனவெல்லாம் ஆட்டத்தை நடத்துவோரிடம் பதிவாகின்றன. பழைய காசினோக்களில் கடிகாரத்தையும் சன்னலையும் நீக்கிவிடுவார்கள், நேரம் போவது தெரியாதிருக்க. கைப்பேசியில் கடிகாரத்தை நீக்க இயலாது. அதற்கு மாறாக, இவர் தளர்ந்திருக்கும் நேரம் இது என்று அறிந்து, சரியாக அப்பொழுதே ஓர் அழைப்பை அனுப்ப இயலும். அமெரிக்க மானிடவியலறிஞர் நடாஷா டௌ ஷூல் என்னும் அம்மையார் லாஸ் வேகஸ் நகரில் பல்லாண்டுகள் ஆராய்ந்து 2012-இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் சந்தித்த ஆட்டக்காரர்களுள் பலர், தாம் வெல்வதற்காக ஆடவில்லை, உலகக் கவலை எதுவும் எட்டாத ஒரு மயக்க நிலையில் தொடர்ந்து இருப்பதற்காகவே ஆடுவதாகச் சொன்னார்களாம். தனிமையில் வாழும் நம்மவர் ஒருவருக்கு அந்நிலை எத்துணை இனிதாக இருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கும்போது நமக்கு அச்சமே உண்டாகின்றது. ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம் குறைந்துபோவதை அவர் வீட்டில் சொல்லமாட்டார். இந்த மாதம் மிகைநேர வேலை கிடைக்கவில்லை என்பார். இரண்டு மூன்று மாதம் கழித்தே அங்கே ஐயம் பிறக்கும்.

அமைப்பில் உள்ள தீங்கை அமைப்பைக் கொண்டே திருத்த முயன்ற நாடு பிரிட்டன். அங்குள்ள சூதாட்ட ஆணையம் 2021 அக்டோபர் 31 முதல், இணைய உருளை ஆட்டங்களில் ஒரு சுழற்சிக்கு இரண்டரை விநாடியாவது ஆக வேண்டும் என்று விதித்தது. தானே சுழலும் ஏற்பாட்டைத் தடுத்தது. வைத்ததற்குக் குறைவாகக் கிடைக்கும்போது வெற்றி ஓசை எழுப்புவதையும், எடுக்கக் கோரிய பணத்தை மீண்டும் ஆட்டத்துக்கு இழுப்பதையும் தடுத்தது. 2025-இல் ஒரு சுழற்சிக்கு வைக்கத்தக்க தொகைக்கும் வரம்பு வந்தது: பெரியவர்களுக்கு 5 பவுன், 25 வயது நிரம்பாதோருக்கு 2 பவுன். நாம் மேலே விவரித்த நுட்பங்களின் பட்டியலும் இவ்விதிகளின் பட்டியலும் ஒன்றுக்கொன்று நேராக அமைந்திருப்பதைக் காணலாம்.

தமிழ்நாடு வேறு வழியில் சென்றது. ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழு 2022-இல் அறிக்கை அளித்தது. இணையச் சூதாட்டத்தைத் தடுக்கும் சட்டம் 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்று நடைமுறைக்கு வந்தது. ரம்மியும் போக்கரும் அதிர்ஷ்ட ஆட்டங்கள் என்று அதில் சேர்த்திருந்ததை மட்டும் சென்னை உயர் நீதிமன்றம் அவ்வாண்டு நவம்பரில் நீக்கியது. பின்னர் 2025-இல் வந்த விதிகள், பணம் வைத்து ஆடும் ஆட்டங்களை நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை மூடச் சொல்லின. ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஆடுபவருக்கு அரை மணிக்கு ஒருமுறை எச்சரிக்கை தோன்றவும் சொல்லின. உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் அவற்றை ஏற்றது. மட்காவில் தானாகவே இருந்த காத்திருப்பை, சட்டம் போட்டு மீட்டெடுக்க முயன்ற செயல் என்று இதனைச் சொல்லலாம். ஆனால் தமிழ்நாட்டுச் சட்டத்தின் எல்லை தமிழ்நாட்டோடு முடிந்துவிடுகின்றது. தாபோடியில் இருப்பவருக்கு அது காவல் இல்லை.

அக்குறையை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் இயற்றிய சட்டம் நிரப்ப முற்பட்டது. ஆகஸ்டு 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற அச்சட்டம், திறமை ஆட்டம், அதிர்ஷ்ட ஆட்டம் என்று வேறுபடுத்தாமல், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை வழங்குவதையே தடை செய்தது. வழங்குவோருக்கு மூன்றாண்டு வரை சிறையும், ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் அதில் கூறப்பட்டுள்ளன. விளம்பரம் செய்வதும், வங்கிகள் அதற்குப் பணம் கடத்துவதும் தடை. ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. அவரைப் பாதிக்கப்பட்டவராகவே சட்டம் கருதுகின்றது. ஒப்புதல் கிடைத்த சில நாட்களிலேயே பெரிய இந்திய நிறுவனங்கள் பண ஆட்டங்களை நிறுத்திவிட்டன. எனினும் கடல் கடந்த தீவுகளில் பதிவு செய்துகொண்டு, நாளொரு பெயரும் பொழுதொரு முகவரியுமாகத் தோன்றும் தளங்களை ஒரே அடியில் ஒழிப்பது எளிதன்று. ஒன்றை மூடினால் மற்றொன்று முளைக்கின்றது. அழைப்பும் குறுஞ்செய்தி வழியாக வந்துகொண்டிருக்கின்றது.

ஆடுபவருக்குத் தண்டனை இல்லை என்பதை இவ்விடத்தில் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகின்றோம். வெளிமாநிலத்தில் வாழ்பவர், மொழி தெரியாத ஊரில் போலீசாரிடம் போனால் நம்மையே பிடித்துக்கொள்வார்களோ என்று அஞ்சிப் பேசாமல் இருந்துவிடுகின்றார். வென்ற பணத்தைத் தராமல் ஏமாற்றினாலோ, கணக்கிலிருந்து பணம் பறிபோனாலோ 1930 என்னும் எண்ணுக்கு உடனே தெரிவிக்கலாம். இணைய வழிப் பண மோசடிகளுக்கென மத்திய அரசு அமைத்த எண் அது. தாமதம் குறையக் குறையப் பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு மிகும்.

விட முடியவில்லை என்று உணர்வோர்க்கு வேறோர் எண் உண்டு. சூதாட்டத்தை விட முடியாமை ஒரு நோய் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலே ஏற்றுக்கொண்டுள்ளது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் என்னும் அரசுப் பணியை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். விரும்பிய மொழியைத் தெரிந்துகொள்ளும் வசதி அதில் இருக்கின்றது. தமிழும் அவற்றுள் ஒன்று. அழைப்பவர் ஆடுபவராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ஊரில் உள்ள மனைவியோ தாயோ அறைத் தோழரோ அழைக்கலாம். அதனோடு கூட, நாள் ஒன்றுக்குக் கைப்பேசி வழியாகச் செலுத்தத்தக்க தொகையின் வரம்பை வங்கியிடம் சொல்லிக் குறைத்துக்கொள்ளலாம். சம்பளம் வரும் கணக்கைக் கைப்பேசியோடு இணைக்காமல் தனியே வைத்து, வாரச் செலவுக்கு வேண்டியதை மட்டும் மற்றொரு கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம். ஊருக்கு அனுப்ப வேண்டிய தொகை சம்பளம் வந்த மறுநாளே தானாகச் செல்லுமாறு வங்கிக்கு எழுதிக் கொடுத்துவிட்டால், இரவு இரண்டு மணிக்கு எந்த விமானம் எவ்வளவு உயரம் பறந்தாலும் அந்தத் தொகையைத் தொட முடியாது.